நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்படும் நிலை வந்தால்: இப்போதே எதையெல்லாம் பேசி முடிவு செய்வது?

#1 தாழ்வாரம்

எனக்கு வயது 61, கணவருக்கு 66. இருவருக்கும் இப்போதைக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை. உயில் எழுதியாகிவிட்டது, மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டும் தொடாத ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். உயில் இறந்த பிறகுதான் பேசும். மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் இருக்கும்வரை பேசும். நடுவில், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் தானாக எழுந்து குளிக்கவோ உடுத்தவோ முடியாது, அது ஆண்டுக்கணக்கில் நீளும் என்றால்?

பேச்சை எடுத்தாலே கணவர், "வரும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போதே வாயால் சொல்லி ஏன் வரவழைக்கிறாய்?" என்கிறார். மகளும் மகனும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். முழுப் பாரமும் அவர்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. பணம், வீடு, சட்டம், ஆள் உதவி, இவற்றில் எதிலிருந்து தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

#2 கணக்கேடு

காப்பீட்டுத் துறையில் பல ஆண்டுகள் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலித்திருக்கிறேன். பணப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

1963இல் சிட்னி கேட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், ஒருவர் அன்றாடம் தானாகச் செய்ய வேண்டிய ஆறு செயல்களின் பட்டியலை வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்குவது, சாப்பிடுவது. பல நாடுகளின் பராமரிப்புக் காப்பீடுகள் இன்றும் இதை ஒட்டித்தான் எழுதப்படுகின்றன. ஆறில் இரண்டையோ மூன்றையோ பிறர் உதவியில்லாமல் செய்ய முடியாது என்று சான்று வந்தால்தான் பணம் வரத் தொடங்கும். சிங்கப்பூரில் 2020இல் தொடங்கிய கேர்ஷீல்ட் லைஃப் திட்டத்தில் ஆறில் மூன்று என்பது விதி. ஆனால் அந்தப் பட்டியலில் மலஜலக் கட்டுப்பாடு தனி வரியாக இல்லை, அதற்குப் பதில் நடமாட்டம் இருக்கிறது. ஒரு வரி மாறினால் ஒருவருக்குப் பணம் கிடைக்கும், இன்னொருவருக்குக் கிடைக்காது. ஆகவே விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பாலிசியில் 'வரையறைகள்' என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

அடுத்து மறதிநோய். கை கால் எல்லாம் திடமாக இருக்கும், தானே குளிப்பார், தானே சாப்பிடுவார், ஆனால் அடுப்பை அணைக்காமல் வெளியே போய்விடுவார், திரும்பிவர வழி தெரியாது. ஆறு செயல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இவருக்கு உதவியே தேவையில்லை என்றாகிவிடும். சிந்தனைத் திறன் குறைந்தாலும் பணம் தரப்படும் என்று பாலிசியில் தனியாக எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். காத்திருப்புக் காலத்தையும் பாருங்கள். பல பாலிசிகளில் முதல் 90 நாள் செலவு நம்முடையதுதான்.

நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் இதற்கென்றே சமூகக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. ஜப்பானில் 40 வயதிலிருந்தே சந்தா கட்ட வேண்டும். அமெரிக்காவிலோ முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் நீண்டகால அன்றாடப் பராமரிப்புக்குப் பணம் தருவதில்லை. தரும் என்று நம்பியிருந்து பிறகு தவிப்பவர்கள் அங்கே நிறைய. உங்கள் நாட்டில் எது உண்டு, எது இல்லை என்பதை எழுத்துமூலமாகக் கேட்டு வாங்குங்கள். எதுவும் இல்லையென்றால், உடனே எடுக்கக்கூடிய பணமாக ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். பராமரிப்புச் செலவு மாதாமாதம் ரொக்கமாகப் போகும், அதற்கு நிலமும் வீடும் உதவாது.

#3 இரவுப்பணி

நான் ஓய்வுபெற்ற செவிலியர். மருத்துவமனைப் பணிக்குப் பிறகு வீடுகளுக்குச் சென்று படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத்தான் அதிகம் செய்தேன். கணக்கேடு ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பணம் இருந்தும் நிலைகுலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இரவு.

பகலில் யாராவது வருவார்கள், போவார்கள். இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குக் கூப்பிடும்போது எழுவது ஒரே ஆள்தான், பெரும்பாலும் மனைவி அல்லது மகள். எழுப்பி, உட்காரவைத்து, நடத்திக் கூட்டிப்போய், துணி மாற்றி, மீண்டும் படுக்கவைத்துத் தான் கண்ணயரும்போது அடுத்த அழைப்பு வந்துவிடும். சில வாரங்களிலேயே பார்த்துக்கொள்பவரின் முகம் நோயாளியின் முகம் போல ஆகிவிடும். எரிச்சலில் ஒரு சொல் வந்துவிடும், பிறகு அதற்காக அழுவார். அன்பு குறைந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அது தூக்கமின்மை. எனவே திட்டத்தில் நான் எழுதச் சொல்லும் முதல் வரி, "இரவில் யார்?" என்பதுதான். அந்த வரிக்கு நேரே ஒரே பெயர் மட்டும் இருந்தால் அந்தத் திட்டம் நிற்காது. இன்னொரு குடும்ப உறுப்பினரோ, சம்பளத்துக்கு வரும் உதவியாளரோ, வாரத்தில் சில இரவுகளாவது மாற்றிவிட ஆள் வேண்டும்.

இரண்டாவது, வீடு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு 28 முதல் 35 விழுக்காட்டினர் கீழே விழுகிறார்கள். நான் பார்த்த பல வீடுகளில் பராமரிப்புக் காலம் தொடங்கியதே ஒரு குளியலறை வழுக்கலில்தான். இன்றைக்கே உங்கள் கழிப்பறைக் கதவைப் பாருங்கள். உள்பக்கமாகத் திறக்கிறதா? உள்ளே ஒருவர் கதவை ஒட்டி விழுந்தால் அவருடைய உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளவும் முடியாது, தள்ளினால் அவருக்குக் காயம். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது ஒரு தச்சருக்குச் சிறிய வேலை. வாசல் அகலம் 80 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சக்கர நாற்காலி நுழைவது சிரமம். கைப்பிடியைச் சுவரில் ஆழமாகப் பதித்த திருகுகளோடு பொருத்துங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழ முயன்று கம்பியோடு விழுந்தவர்கள் உண்டு. கட்டிலில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். அதுதான் சரியான உயரம். ரொம்பத் தாழ்ந்த கட்டிலிலிருந்து ஒருவரைத் தூக்குவது பார்த்துக்கொள்பவரின் முதுகைத்தான் முதலில் கெடுக்கும்.

மூன்றாவது, பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் சில விஷயங்களை முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டும். படுக்கைப்புண் முதலில் வருவது முதுகின் அடியெலும்பிலும் குதிகாலிலும் இடுப்பிலும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது தொடக்கம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமினால், குரல் சளி கட்டியது போல ஈரமாக ஒலித்தால், விழுங்குவதில் சிக்கல் இருக்கிறது என்று பொருள். மருத்துவரிடம் சொல்லுங்கள், படுத்தபடி எதையும் ஊட்டாதீர்கள். இவற்றை ஒரு செவிலியரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ நேரில் பார்த்துக் கற்பது நல்லது. தூக்கி உட்காரவைப்பதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது.

#4 தாழ்வாரம்

அம்மா, கழிப்பறைக் கதவைப் போய்ப் பார்த்தேன். உள்பக்கம்தான் திறக்கிறது. தச்சருக்குச் சொல்லிவிட்டேன். மிக்க நன்றி.

#5 மலைச்சாரல்

என் தந்தைக்கு மறதிநோய். கணக்கேடு விவரித்த அதே நிலையில்தான் தொடங்கியது, அடுப்பும் வழியும். எங்கள் குடும்பம் மிகவும் இடறிய இடம் சட்டம், ஆகவே அதைப் பற்றி எழுதுகிறேன்.

"என் சார்பில் மகன் எல்லாம் செய்யலாம்" என்று ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதை எழுதிக் கொடுத்தவருக்குப் புரிந்துகொள்ளும் திறன் போய்விட்டால் சாதாரணப் பவர் பத்திரம் பல நாடுகளில் செல்லாது. அதாவது, எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது கைவிட்டுவிடும். இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201, இதைத்தான் சொல்கிறது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமாகவும், சிங்கப்பூர் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமாகவும், திறன் போன பிறகும் நீடிக்கும் தனி அதிகாரப் பத்திரத்தை ஏற்படுத்தியிருக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் நாட்டில் உண்டா என்று வழக்கறிஞரிடம் இந்தச் சொற்களிலேயே கேளுங்கள்: "எனக்குப் புரிந்துகொள்ளும் திறன் போன பிறகும் இது செல்லுமா?" இல்லை என்றால், பிறகு நீதிமன்றம் போய்க் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டியிருக்கும். அதற்குள் வங்கிக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால், அவருடைய சொந்தப் பணத்தை அவருடைய மருந்துக்கே எடுக்க முடியாமல் போகும்.

சிகிச்சை பற்றிய விருப்பம் வேறு ஆவணம். செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா, குழாய் வழி உணவு எதுவரை, யாரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018இல் இத்தகைய முன்கூட்டிய ஆணைகளை ஏற்றது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது; இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும்.

எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: கையெழுத்திடும் நாளில் அந்த மனிதருக்குத் தெளிவு இருக்க வேண்டும். மறதிநோய் என்று சொல்லப்பட்ட மறுநாளே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தொடக்க நிலையில் பலருக்கு விருப்பத்தைச் சொல்லவும் கையெழுத்திடவும் திறன் இருக்கும், மருத்துவரின் சான்றோடு செய்யலாம். ஆனால் அந்த வாசல் எப்போது மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

#6 தனிவழி

இங்கே எல்லோரும் மகன், மகள் என்றே எழுதுகிறீர்கள். எனக்குத் திருமணம் ஆகவில்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. வயது 54. என்னைப் போன்றவர்கள் "இரவில் யார்?" என்ற வரியில் யார் பெயரை எழுதுவது?

#7 இரவுப்பணி

நல்ல கேள்வி, தம்பி. பிள்ளைகள் இருப்பவர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான் இது.

முடிவெடுப்பவரையும் உடலுழைப்புத் தருபவரையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முடிவெடுப்பவர் உறவினராக இருக்க வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் கட்டாயமில்லை. உங்கள் மனத்தை அறிந்த, உங்களைவிட வயதில் குறைந்த ஒரு நண்பர் போதும். அவரால் முடியாதபோது இன்னொருவர் என்று இரண்டாவது பெயரும் எழுதுங்கள். உடலுழைப்புக்கு ஆள் அமர்த்த வேண்டும், அல்லது இல்லத்துக்குப் போக வேண்டும். இல்லம் என்றால் நடமாட முடிகிற காலத்திலேயே நீங்களே போய்ப் பாருங்கள். படுத்த பிறகு இடம் தேடினால் காலியாக இருப்பதுதான் கிடைக்கும்.

போனால் தோட்டத்தையும் வரவேற்பறையையும் பார்த்து மயங்காதீர்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள் என்று கேளுங்கள். படுத்த படுக்கையானாலோ மறதிநோய் வந்தாலோ வைத்துக்கொள்வார்களா, வெளியேறச் சொல்வார்களா என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நடமாடுகிறவர்களை மட்டுமே ஏற்கும் இல்லங்கள் பல உண்டு. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் அறையை விட்டுவைப்பார்களா, அந்த நாட்களுக்கும் கட்டணமா, முன்பணம் எந்தச் சூழ்நிலையில் திரும்பும் என்பதையும் கேளுங்கள். அறிவிக்காமல் மாலை நேரத்தில் ஒருமுறை போங்கள். கூப்பிட்ட மணிக்கு எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று நின்று கவனித்தால் அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

வீட்டிலேயே இருப்பதானால், தினமும் ஒரே நேரத்தில் ஒருவரோடு பேசும் ஏற்பாடும், நம்பிக்கையான ஒருவரிடம் மாற்றுச் சாவியும் இன்றைக்கே செய்யக்கூடியவை. தனியாக இருப்பவர் விழுந்தால், எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்பதைப் பொறுத்தே பின்விளைவுகள் அமையும்.

#8 எதிர்க்கரை

எல்லோரும் எழுதிவைக்கச் சொல்கிறீர்கள். எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, கோபமும் உண்டு.

என் பாட்டனார் நல்ல திடமாக இருந்த காலத்திலேயே, "என்னை எந்த இல்லத்திலும் சேர்க்கக் கூடாது" என்று என் அம்மாவிடம் சத்தியம் வாங்கிவிட்டார். பின்னர் பக்கவாதம் வந்தது. உயரமான, கனத்த உடம்பு. அம்மா தனி ஆளாகப் புரட்டினார், தூக்கினார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட பிறகும் நிறுத்தவில்லை, கொடுத்த வாக்கு என்றார். கடைசியில் இரண்டு நோயாளிகள் ஆனார்கள். முன்கூட்டித் திட்டமிடுவது என்ற பெயரில் நல்ல நிலையில் இருப்பவர், இன்னும் வராத ஒரு காலத்தைப் பற்றி, இன்னொருவரின் உடம்பின்மீது கட்டளை எழுதுவது நியாயமா? வரும்போது வீட்டிலிருப்பவர்கள் தங்கள் வலிமைக்கு ஏற்ப முடிவு செய்யட்டும்.

#9 இரவுப்பணி

உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது நேர்ந்திருக்கக் கூடாது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அங்கே நடந்தது திட்டமிடல் இல்லை. ஒருவர் வாக்கு வாங்கினார், இன்னொருவர் கொடுத்தார். "உன்னால் எதுவரை முடியும்?" என்று அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

நான் வீடுகளில் சொல்வது இதுதான். பராமரிப்பைப் பெறப் போகிறவர் தன் விருப்பத்தைச் சொல்லட்டும், கூடவே ஏன் என்பதையும் சொல்லட்டும். "இல்லம் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் பிறருக்கு வழி தெரியாது. தோண்டிக் கேட்டால், "அறிமுகமில்லாத ஆண் என்னைக் குளிப்பாட்டக் கூடாது" என்பது காரணமாக இருக்கும். அல்லது கணவனும் மனைவியும் பிரிக்கப்படுவோமோ என்ற பயமாக இருக்கும். காரணம் தெரிந்தால், இல்லத்துக்கே போக நேர்ந்தாலும் அந்தப் பயத்துக்குப் பதில் தேடலாம்.

பார்த்துக்கொள்பவரும் தன் எல்லையை அதே தாளில் எழுத வேண்டும். எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டால், இரவுத் தூக்கம் முற்றிலும் போனால், எனக்கே அறுவைச் சிகிச்சை நேர்ந்தால், அப்போது வெளி உதவிக்கோ இல்லத்துக்கோ மாறுவோம் என்று வெளிப்படையாக எழுதட்டும். அதற்குக் கீழே பராமரிப்பு பெறப் போகிறவர் கையெழுத்திடட்டும். "அந்த நிலை வந்தால் நீ எனக்குத் துரோகம் செய்ததாக நான் நினைக்க மாட்டேன்" என்று ஒரு தந்தை எழுதியதை நான் படித்திருக்கிறேன். அந்த மகளுக்கு அது சொத்தைவிடப் பெரிது.

#10 எதிர்க்கரை

இதை ஏற்கிறேன். அப்படி ஒரு வரி எங்கள் வீட்டில் இருந்திருந்தால் அம்மா ஆள் வைத்திருப்பார்.

#11 கணக்கேடு

மேலே சொன்னதோடு ஒன்று. உடன்பிறந்தவர்கள் பலர் இருந்தால், அருகில் இருப்பவர் உழைப்பும் தொலைவில் இருப்பவர் பணமும் தருவது வழக்கமாகிவிடுகிறது. அதில் தவறில்லை, கணக்கு எழுதப்பட்டால். வேலையை விட்டு வந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்குச் சம்பளம் நிற்கிறது, ஓய்வூதியச் சேமிப்பும் நிற்கிறது. அவருக்கு மாதாமாதம் பெற்றோரின் பணத்திலிருந்தே ஒரு தொகை என்று எல்லோரும் முன்னரே ஒப்புக்கொண்டு எழுதினால், பிற்பாடு "சொத்தைச் சுரண்டினாள்" என்ற பேச்சு வராது. உயிலில் ஈடுகட்டலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பல ஆண்டுப் பராமரிப்பில் சொத்தே மிஞ்சாமல் போகலாம்.

#12 மட்டுறுத்துநர்

ஆள் அனுப்பும் நிறுவனங்களின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் பதிய வேண்டாம். அப்படி வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. விவாதம் தொடரட்டும்.

#13 தாழ்வாரம்

இந்த இழையை அச்செடுத்துக் கணவரிடம் கொடுத்தேன். "படுத்துவிட்டால் என்ன செய்வது?" என்று நான் கேட்டதெல்லாம் அவர் காதில் சாபம் போல விழுந்திருக்கிறது. இந்த முறை வேறு விதமாகக் கேட்டேன்: "நான் படுத்துவிட்டால் நீங்கள் எப்படிச் சமாளிப்பீர்கள்?" உடனே பேசத் தொடங்கிவிட்டார். எனக்கு என்னென்ன மாத்திரைகள் என்றே தனக்குத் தெரியாது என்றார். என்னைத் தூக்கத் தன் முழங்கால் ஒத்துழைக்காது என்றார். அதிலிருந்து பேச்சு தானாக அவர் பக்கம் திரும்பியது. மகளை அழைத்து வேலையை விடச் சொல்லக் கூடாது என்பதில் இருவரும் ஒன்றுபட்டோம். காலையில் தன் கையால் முகச்சவரம் செய்ய முடிகிறவரை அதைப் பிறர் செய்யக் கூடாது, எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அது அவருக்கு இவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாது.

வழக்கறிஞரைப் பார்க்க நாள் குறித்திருக்கிறோம். இந்தத் தாள்களையெல்லாம் எங்கே வைப்பது? வங்கிப் பெட்டகத்திலா?

#14 மலைச்சாரல்

பெட்டகத்தில் மட்டும் வைக்காதீர்கள். நள்ளிரவில் மருத்துவமனையில் கேட்கும்போது பெட்டகம் திறக்காது. மூலம் பத்திரமாக இருக்கட்டும். நகல்கள் நீங்கள் நியமித்தவரிடமும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோப்பிலும் இருக்க வேண்டும். கைபேசியில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள், மகளுக்கும் மகனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

அந்தக் கோப்பின் முதல் தாளாக மருந்துப் பட்டியலை வையுங்கள்: மருந்தின் பெயர், அளவு, நேரம், எதற்காக, ஒவ்வாமை எதற்கு. மருந்து மாறும்போதெல்லாம் அந்தத் தாளையும் மாற்றி மேலே தேதி போடுங்கள். பழைய பட்டியல் தவறான மருந்துக்கு இழுத்துச் செல்லும். அடுத்த தாளில் கட்டணங்கள் எந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகின்றன, பாலிசி எண்கள் எவை, பிரீமியம் எந்த மாதம் என்று எழுதுங்கள். பிரீமியம் கட்ட மறந்து பாலிசி காலாவதியாவது மறதிநோய் உள்ள வீடுகளில் அடிக்கடி நடக்கிறது, ஆகவே தவணை தவறினால் பிள்ளைகளில் ஒருவருக்கும் தகவல் போகும்படி நிறுவனத்திடம் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். கைபேசியைத் திறக்கும் எண்ணையும் நம்பிக்கையானவரிடம் சொல்லிவையுங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்தக் கைபேசிக்குத்தான் வரும்.